மூன்று பேருக்கான காரணம்

ஸ்ரீரங்கம்
11.2.2024

அன்புள்ள லதா,

உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றதையெல்லாம் தாண்டித் தாண்டிப் படிப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. காட்டூர் வீட்டில் கொண்டுபோய் விட்டபோது கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு குறையும் இல்லடி. சீரியல் பாக்கக் கூடாதுங்குறான் டாக்டரு, அது ஒண்ணுதான் குறை" என்றார்கள். நாலு வேளை சொட்டு மருந்து போட பக்கத்து வீட்டு லிசி ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்க்கிறேன்.

நீ சொன்னபடி போனில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பேங்க் கொடுத்த ஆப் நம் போனுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கும் என்று நீ சொன்னதிலிருந்து யாருக்காவது குட் மார்னிங் அனுப்பக்கூடக் கை கூசுகிறது. பேனாவும் தாளும் நமக்குப் புதிதா என்ன! தொண்ணூற்று ஏழில் ஒரே நாளில் கொள்ளிடம் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தோம். நீ பம்பாய்க்கு மாற்றலாகிப் போனபின் பத்து வருஷம் கடிதத்தில்தானே குடும்பம் நடத்தினோம்.

இங்கே பழைய பெயர்ப்பலகையை இறக்கி ஒரு வருஷம் ஆகிறது. நார்ஹேவன் என்ற பெயரை ஸ்ரீரங்கத்தில் யாரும் சரியாகச் சொல்வதில்லை. 'வெளிநாட்டு பேங்க்' என்கிறார்கள். நம் டைரக்டர்கள் தங்கள் சிநேகிதர்களுக்கு வாரிக் கொடுத்துப் பேங்கை மூழ்கடித்த அந்த ஒரு மாதம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது என்றதும் ஷட்டரைப் பிடித்து உலுக்கினார்களே, அந்தச் சத்தம். அப்புறம் ஒரே இரவில் வெளிநாட்டுக்காரன் வாங்கிவிட்டான், டெபாசிட் போட்டவர்கள் தப்பித்தார்கள். பங்கு வாங்கியவர்கள் தொலைந்தார்கள். பாய்லர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்த நல்லதம்பி, நான் சொன்னேன் என்பதற்காக ஓய்வுப் பணத்தில் பாதியைப் பங்கில் போட்டவர். ஒவ்வொரு முதல் தேதியும் வந்து, "மேடம், இன்னிக்காவது ஏதாச்சும் ரேட் போட்டிருக்காங்களா?" என்று கேட்கிறார். இல்லைங்க என்கிறேன். "சரிங்க" என்று போகிறார். திட்டவாவது செய்யலாம் இல்லையா?

மூழ்கடித்தவர்களில் ஒருவன் சமயபுரம் பக்கத்தில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறான். திறப்பு விழாப் பத்திரிகையைக் கிளைக்கே கொண்டுவந்து சிரித்துக்கொண்டே கொடுத்தான். நானும் சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

போன வாரம் தில்லைநகரில் ஒரு ஹோட்டலில் விழா. கடல் கடந்து வந்த பெரியவர் ஒருவர், "வணக்கம், நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று தமிழில் சொன்னார். கேக் வெட்டினார்கள். 'நானே மாற்றம்' என்று அச்சடித்த டி-ஷர்ட் ஆளுக்கு ஒன்று. ஐம்பது வயதில் புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தேன். என் வீட்டுக்காரர் பீமராவ், "யார் வீட்டு சாவுக்குப் போயிட்டு வந்தே?" என்று கேட்டார்.

எழுது.

உன்
யமுனா

•

மும்பை
27.2.2024

என் யமுனாவுக்கு,

அம்மாவை நீ பார்த்துக்கொள்வதற்கு நன்றி சொன்னால் அடிக்க வருவாய். அதனால் சொல்லவில்லை.

ஒரு செய்தி. இணைப்புக் குழுவில் தமிழ்நாட்டுக் கிளைகளின் ஆட்கள் விஷயம் முழுவதும் இனி என் பொறுப்பு. பழைய பேங்கிலிருந்து இந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் நான்தான். நீ முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனால் யோசித்துப் பார். அவர்கள் வராமல் இருந்திருந்தால் ஷட்டரை உலுக்கிய ஜனங்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாய்? பணத்தைக் கொண்டுவந்து கொட்டியவன் கணக்குக் கேட்கத்தான் செய்வான். நம் ஆட்கள் கொள்ளையடித்தபோது கைகட்டி நின்ற நமக்கு, இவர்கள் டி-ஷர்ட் கொடுத்தால் மட்டும் ரோஷம் வருகிறதா?

கோபிக்காதே. விஷயத்துக்கு வருகிறேன். திருச்சி வட்டாரத்தில் நாலு கிளைகளை மூடப்போகிறார்கள். ஸ்ரீரங்கமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. காப்பாற்ற என்னால் முடியும் என்று நினைக்கிறேன், ஆனால் வெறும் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. நீ உன் ஆட்கள் எல்லோருக்கும் 'திருப்திகரம்' என்று ஒரே மாதிரி எழுதி அனுப்பியிருக்கிறாய். அதை யார் நம்புவார்கள்?

உன் ஆட்களைப் பற்றி எனக்கு எழுது. படிவத்தில் இல்லை, நீ என்னிடம் பேசுகிற மாதிரி. யாருக்கு என்ன கஷ்டம், யார் எதில் கெட்டிக்காரர், யார் எதில் தடுமாறுகிறார், எல்லாம். மனிதர்களாகத் தெரிந்தால்தான் அவர்களுக்காக நான் சண்டை போட முடியும். இது நம் இருவருக்குள் மட்டும்.

முத்தங்களுடன்,
லதா

•

ஸ்ரீரங்கம்
10.3.2024

அன்புள்ள லதா,

நீ அந்த நாற்காலியில் இருப்பது ஒரு வகையில் நிம்மதிதான். வேறு எவனாவது இருப்பதற்கு நீ இருப்பது மேல். ரோஷத்தைப் பற்றி நீ எழுதியது சுட்டது. உண்மை என்பதால் சுட்டது.

கேட்டாய், எழுதுகிறேன்.

இருதயமேரி கேஷ் கவுன்ட்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், ஒரு நாள்கூடக் கணக்கு உதைத்ததில்லை. அவள் புருஷன் மார்ட்டின் துவாக்குடியில் லேத் வேலை பார்த்தவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். விடிவதற்கு முன் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி ஏற்றிவிட்டு, பதினொன்றரைக்கு ஓடி வருவாள். அதுவரை நானே அவள் கவுன்ட்டரைத் திறந்து உட்கார்ந்துகொள்வேன். வருகைப் பதிவில் பத்து மணி என்றே போடுகிறேன். இது என்னையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. பேங்க் இன்ஷூரன்ஸ்தான் அந்த மனிதரை உயிரோடு வைத்திருக்கிறது.

ரெங்கராஜுக்கு ஐம்பத்தாறு. புது சாப்ட்வேர் அவருக்குப் பிடிபடவே இல்லை. ஒரு டெபாசிட் ரசீது போட இருபது நிமிஷம். ஆனால் வாடிக்கையாளர் குரலைக் கேட்டே கணக்கு நம்பரைச் சொல்வார். போன வருஷம் ஒரு வயதான அம்மாளின் பணத்தை ஒருவன் போனில் ஏமாற்றிப் பிடுங்கப் பார்த்தபோது, 'அம்மா குரல்ல ஏதோ நடுக்கம் இருக்குங்க மேடம்' என்று நிறுத்தியவர் அவர்தான்.

ஷஹனாஸ் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. இந்தக் கிளையிலேயே மூளைக்காரி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போது மூன்று மாதம். மாமியாரிடம்கூட இன்னும் சொல்லவில்லையாம், என்னிடம் சொல்லி அழுதாள், சந்தோஷத்தில். ஆறு மாதம் லீவு எடுத்துவிட்டு வந்தால் உன் பேங்குக்கே பெரிய ஆளாக வருவாள்.

இவர்களை வைத்துத்தான் இந்தக் கிளை ஓடுகிறது. சண்டை போடு லதா. நீ கல்லூரியில் போட்டதாகச் சொல்வாயே, அந்தச் சண்டையைப் போல என்று எழுத நினைத்தேன், அதெல்லாம் வேண்டாம், ஜெயிக்கிற சண்டையாகப் போடு.

உன்
யமுனா

•

மும்பை
2.4.2024

யமுனா,

ஸ்ரீரங்கம் கிளை தப்பியது! இன்று மத்தியானம் முடிவானது. உன் கடிதத்தைப் படித்து அழுதேன் என்றால் நம்புவாயா?

இரண்டு மாதத்தில் உனக்கும் ஒரு நல்ல செய்தி வரும். இப்போது கேட்காதே. அம்மாவிடம் நான் மே மாதம் வருகிறேன் என்று சொல், ஆனால் தேதி சொல்லாதே, அப்புறம் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

லதா

•

ஸ்ரீரங்கம்
18.5.2024

லதா,

மே பாதி போயும் நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்பது நேற்றுத் தெரிந்தது.

நேற்று காலை மூன்று கவர்கள் வந்தன. இருதயமேரி, ரெங்கராஜ், ஷஹனாஸ். மூன்று மாதச் சம்பளம், அன்றோடு வேலை முடிந்தது, இன்ஷூரன்ஸ் மாதக் கடைசி வரை. ஒவ்வொரு கடிதத்திலும் 'காரணம்' என்று ஒரு கட்டம்.

இருதயமேரி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க. எனக்குப் புரியுது. இருந்தாலும் நீங்க ஒருவாட்டி வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். கணவரின் சிகிச்சையால் வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வருகிறார், மேலாளரே அவரது கவுன்ட்டரைத் திறந்து சமாளிக்கிறார், வருகைப் பதிவு உண்மையைக் காட்டவில்லை.

"இது நம்ம ரெண்டு பேருக்கும் மட்டுந்தானே மேடம் தெரியும்?"

கடிதத்தை மேசைமேல் வைத்தேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லலீங்க. அவர் மேல சத்தியமா சொல்லல. அப்ப நீங்கதானே?"

"ஆமா மேரி. ஆனா நான் சொன்னது உன்னைக் காப்பாத்தறதுக்கு..."

"காப்பாத்திட்டீங்க" என்றாள். சத்தமே போடாமல் சொல்லிவிட்டு, மேசைமேல் கிடந்த கடிதத்தை எடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். கேஷ் சாவியை ஒப்படைக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கணக்கு அன்றும் சரியாகத்தான் இருந்தது.

ரெங்கராஜின் கட்டத்தில் 'ஒரு ரசீதுக்கு இருபது நிமிடம்.' என் இருபது நிமிடம்! குரலைக் கேட்டே ஆளைத் தெரிந்துகொள்வார் என்பது எங்கேயும் இல்லை. ஷஹனாஸின் கடிதத்தில் 'வரவிருக்கும் நீண்ட விடுப்பு' என்று இருக்கிறது. அதை அவள் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாமல் என் முன்னாலேயே கிழித்தாள். மாமியாரிடம் பிள்ளைச் செய்தியைப் போன மாதம்தான் சொன்னாளாம், இனி இதையும் சொல்ல வேண்டும்.

மத்தியானம் எனக்கு ஒரு மெயில் வந்தது. கிளையைச் சிக்கனமாக்கியதற்குப் பாராட்டு, ஊக்கத் தொகை. இதுதானா நீ சொன்ன நல்ல செய்தி?

வாஷ் பேசினில் போய் வாந்தி எடுத்தேன். மிகையாக எழுதவில்லை. காலையில் சாப்பிட்ட இட்லி அப்படியே வந்தது.

நீ இல்லை என்று சொல். உன் மேசையிலிருந்து எவனோ திருடிவிட்டான் என்று சொல், நம்புகிறேன்.

யமுனா

•

மும்பை
1.6.2024

யமுனா,

யாரும் திருடவில்லை. பொய் சொல்லி உன்னை அவமானப்படுத்த மாட்டேன்.

நடந்ததைக் கேள். இங்கே ஒரு பட்டியல் தயாராக இருந்தது. அதை நான் தயாரிக்கவில்லை. எண்ணூறு பேர். அட்டவணை மாதிரி, அதில் ஒரு பத்தி ஊழியர் வயது, ஒரு பத்தி குடும்பத்துக்காக இன்ஷூரன்ஸில் வாங்கிய மருத்துவச் செலவு. அந்தப் பத்தியை வைத்து மேலிருந்து கீழாக அடுக்கிவிட்டார்கள். திருச்சி வட்டாரத்தில் முதல் பெயர் உன் இருதயமேரி. நீ எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் அவள் போயிருப்பாள். ஆனால் கணவன் நோயாளி என்பதற்காக ஒருத்தியை அனுப்பினோம் என்று எந்த பேங்கும் எழுதாது. வேறு காரணம் கண்டுபிடியுங்கள் என்று என்னிடம் கொடுத்தார்கள். ஒரு கிளைக்கு மூன்று பேருக்குக் காரணம் கொடுத்தால் கிளை நிற்கும், கொடுக்காவிட்டால் பதினோரு பேரும் வீட்டுக்குப் போவார்கள். நீ என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

உன் கடிதத்தைக் கேட்டபோது அந்த எண்ணம் எனக்கு இருந்ததா என்று கேட்பாய். இருந்தது. பாதி இருந்தது. மீதிப் பாதி உண்மையாகவே சண்டை போட நினைத்தது.

எட்டு பேர் இன்னும் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களில் நீயும் ஒருத்தி. கொஞ்சம் வளர்ந்தவளாக யோசி. நாம் தெருவில் நின்றபோது கை கொடுத்தவன் தன் வழியில் வீட்டைச் சுத்தம் செய்கிறான். சுத்தம் செய்யும்போது தூசி பறக்கத்தான் செய்யும்.

மேரிக்கு என்னால் முடிந்தது, இன்னும் மூன்று மாதச் சம்பளம் கூடுதலாக. வாங்கிக்கொள்ளச் சொல். இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

லதா

•

ஸ்ரீரங்கம்
16.6.2024

லதா,

சொன்னேன். வரகனேரியில் அவள் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். உள்ளே கூப்பிடவில்லை. மார்ட்டின் கட்டிலில் படுத்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது, கால் இரண்டும் வீங்கி. இன்ஷூரன்ஸ் நின்றதால் வாரத்துக்கு மூன்றை இரண்டாகக் குறைத்திருக்கிறார்களாம். "தூசிங்களா நாங்க?" என்று மேரி கேட்கவில்லை, ஏனென்றால் உன் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை. கேட்பது நான், உன்னிடம்.

நம் பழைய டைரக்டர்கள் திருடர்கள். அவர்கள் திருடுகிறார்கள் என்று தெரிந்தும் நான் வாடிக்கையாளர்களிடம் பங்கு விற்றேன். அதற்குத்தான் ஒவ்வொரு முதல் தேதியும் நல்லதம்பி முன்னால் தலைகுனிகிறேன். ஆனால் ஒரு திருடனாவது வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று பட்டியல் போட்டுத் திருடியதில்லை. உன் பத்திகளை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது. அதைவிட, அந்தப் பத்தியில் நிரப்ப நான் உட்கார்ந்து அழகழகாக எழுதிக் கொடுத்தேனே, அந்த என் கையெழுத்தை நினைத்தால் அதிகம் குமட்டுகிறது.

மூன்று பேருக்காகவும் சங்கம் தொழிலாளர் ஆணையரிடம் போயிருக்கிறது. ஆகஸ்டில் விசாரணை. மருத்துவச் செலவைப் பார்த்து ஆட்களை எடுக்கவே இல்லை என்று உன் பேங்க் எழுத்து மூலம் பதில் கொடுத்திருக்கிறது. உன் ஜூன் முதல் தேதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. பிப்ரவரிக் கடிதமும் இருக்கிறது. இரண்டையும் கொடுக்கப்போகிறேன்.

என் கடிதத்தை நீ என்னிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டாய். நான் சொல்லிவிட்டு எடுக்கிறேன். வேறு வித்தியாசம் எதுவும் இல்லை, எனக்குத் தெரியும்.

யமுனா

•

மும்பை
29.6.2024

யமுனா,

வேண்டாம். நான் ஒருபோதும் உன்னிடம் கெஞ்சியதில்லை, இப்போது கெஞ்சுகிறேன். என் பெண் வெளிநாட்டில் இரண்டாவது வருஷம் படிக்கிறாள், இந்த வேலையை நம்பித்தான் கடன் வாங்கியிருக்கிறேன். அந்தக் கடிதம் வெளியே வந்தால் பட்டியல் போட்டவர்கள் யாரும் மாட்டமாட்டார்கள். மாட்டுவது நான் ஒருத்திதான். அவர்கள் வேறு நாட்டில் வேறு பேங்க் வாங்கப் போய்விடுவார்கள்.

மதுரையில் வட்டார மேலாளர் இடம் காலியாக இருக்கிறது. உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். இதை லஞ்சம் என்று நினைக்காதே. உனக்குத் தகுதி இருக்கிறது, எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது.

அந்த இரண்டு தாளையும் கொளுத்திவிடு. இருபத்தேழு வருஷத்துக்காகக் கேட்கிறேன்.

உன்
லதா

•

எடமலைப்பட்டி புதூர்
25.8.2024

பிரேமலதாவுக்கு,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். வீட்டிலிருந்து எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை என்னைச் சஸ்பெண்ட் செய்தார்கள். பொய்யான வருகைப் பதிவு, ரகசியத்தை வெளியிட்டது, இரண்டு குற்றம். இரண்டும் உண்மைதான். மறுக்கப் போவதில்லை.

விசாரணை அன்று நடந்ததை நீ உன் பேங்க் வக்கீலிடம் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள். நான் சாட்சி சொல்ல எழுந்தபோது உங்கள் வக்கீல், "இது தனிப்பட்ட கடிதமாச்சே, சிநேகிதி நம்பி எழுதினதை இப்படிக் கொண்டுவந்து நீட்டலாமாம்மா?" என்று கேட்டார். "நான் எழுதினதும் தனிப்பட்ட கடிதந்தாங்க. அதைத்தான் நீங்க அந்த மூணு கவர்ல போட்டு அனுப்பினீங்க" என்றேன். அப்புறம் என் கடிதத்தில் என்னென்ன எழுதினேன் என்று நினைவிலிருந்து எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். கவுன்ட்டர், இருபது நிமிடம், மூன்று மாதம். ஒன்றையும் விடவில்லை. நான் மட்டும் நல்லவளாகத் தப்பிக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். சொல்லும்போது ஷஹனாஸ் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் ஜூன் கடிதத்தை ஆணையர் இரண்டு தடவை படித்தார். 'அந்தப் பத்தியை வைத்து மேலிருந்து கீழாக' என்ற இடத்தில் விரலை வைத்து, "அந்தப் பட்டியலைக் கொண்டுவாங்க" என்றார். உங்கள் வக்கீல் அரை மணி நேரம் வெளியே நின்று மும்பைக்குப் பேசிவிட்டு வந்தார். பட்டியலைக் கொண்டுவருவதற்குப் பதில் சமாதானத்துக்கு வந்தார்கள். இருதயமேரியும் ஷஹனாஸும் பழைய சர்வீஸோடு, இன்ஷூரன்ஸோடு, வேலையில் சேர்ந்துவிட்டார்கள். ரெங்கராஜ் வரவில்லை. "போதுங்க மேடம், என்னை மெதுவானவன்னு இங்கிலீஷ்ல எழுதின எடத்துல போயி மறுபடி எப்படிங்க உக்காருறது?" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆக, பட்டியல் வெளியே வரவே இல்லை. மற்ற ஊர்களில் இருக்கும் எழுநூற்றுச் சொச்சம் பேருக்கு அது தெரியாது. ஜெயித்தோம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

விசாரணை முடிந்து மேரி கிளம்பும்போது என்னிடம் வந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"வேலை திரும்ப வந்திருச்சுங்க. அதுக்கு நீங்கதான் காரணம், இல்லைங்கல. போனதுக்கும் நீங்கதான் காரணம். ரெண்டையும் கழிச்சா என்ன மிச்சம்னு எனக்குத் தெரியலீங்க மேடம். அவர் ஆட்டோல காத்துக்கிட்டு இருக்காரு, நான் போறேன்."

போய்விட்டாள். அவள் சொன்னதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உன்னையும் வேலையிலிருந்து விலகச் சொல்லிவிட்டார்கள் என்று நீ போனில் சொன்னதாக லிசி சொன்னாள். நீ சொன்னபடிதான் ஆயிற்று. பட்டியல் போட்டவர்கள் மாட்டவில்லை, நீ மாட்டினாய். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. வருத்தமும் வரவில்லை. வரும் என்று நாலு நாளாகக் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போகிறேன், அது உனக்காக இல்லை.

சமாதானம் ஆனாலும் வழக்கு முடியவில்லை. மற்ற கிளைக்காரர்கள் சங்கத்தின் மூலம் அந்தப் பட்டியலைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள். உன்னிடமிருந்து வந்த காகிதம் எது இருந்தாலும் கொடுப்பதாக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் இதற்குப் பதில் எழுதாதே. மன்னிப்புக் கேட்டு எழுதினாலும், திட்டி எழுதினாலும், உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினாலும், அதையும் நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

யமுனா